முதல் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பும் முன்பும் அனுப்பிய பின்பும்

பிஎச்டி சேர்ந்து இரண்டாம் வருடம் வந்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பேப்பர் வந்துருச்சா?" தீசிஸ் கொடுப்பதற்கு முன் பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, ஒரு ஜர்னலில் (ஆய்விதழில்) வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வந்த விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன, உதவிப் பேராசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பேப்பர்களைப் பார்க்கிறார்கள், அதனால் நெருக்கடி அப்படியேதான் இருக்கிறது. அந்த நெருக்கடியை வைத்துச் சம்பாதிக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "ஸ்கோபஸ் பேப்பர், ஒரு மாதத்தில் அக்செப்டன்ஸ், கேரண்டி" என்று வாட்ஸப் குழுக்களில் வரும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்கோபஸ் என்பது தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் அவற்றின் பேப்பர்களையும் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம்.

நல்ல டேட்டாவைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள், வெயிலில் அலைந்து உண்மையாக வேலை செய்தவர்கள், ஜர்னல் என்பது எப்படி இயங்குகிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தராத ஒரே காரணத்தால் அங்கே போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பணம் போவது மட்டுமில்லை, அந்த டேட்டாவும் போய்விடுகிறது. ஒரு குப்பை ஜர்னலில் ஒருமுறை வெளியான பேப்பரை அப்புறம் நல்ல ஜர்னல் எதற்கும் கொடுக்க முடியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எழுதும் முன்பே ஜர்னலை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் பேப்பரை முழுதாக எழுதி முடித்துவிட்டு அப்புறம்தான் எங்கே அனுப்பலாம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். ஒரு ஜர்னலில் எழுதுபவர்களும் அதைப் படிப்பவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான், ஒரே விஷயத்தைப் பற்றிப் பல வருடங்களாகத் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் எதைப் பேசி முடித்துவிட்டார்கள், எதில் இன்னும் முடிவு வரவில்லை என்று தெரிந்துகொண்டு எழுதும் பேப்பர் வேறு, தெரியாமல் எழுதும் பேப்பர் வேறு. எடிட்டருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் பரவியிருப்பதைப் பற்றி உங்களிடம் மூன்று வருட டேட்டா இருக்கிறது என்று வையுங்கள். எந்தக் கண்மாயில் எவ்வளவு அடர்த்தி, மண்ணில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈரம், கூடவே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களிடம் எடுத்த நேர்காணல்கள். இதை ஒரே பேப்பர் என்று நினைக்காதீர்கள். அந்த மரம் எப்படிப் பரவுகிறது, உள்ளூர்ச் செடிகளை எப்படி ஒழிக்கிறது என்பது உங்கள் கேள்வி என்றால் 'பயாலஜிக்கல் இன்வேஷன்ஸ்' மாதிரியான ஜர்னல். வறண்ட நிலத்தின் மண்ணும் நீரும் என்ன ஆகின்றன என்றால் 'ஜர்னல் ஆஃப் ஆரிட் என்விரான்மென்ட்ஸ்'. மரத்தை வேரோடு எடுத்துவிட்டால் கரிமூட்டக் குடும்பங்களின் வருமானத்துக்கு என்ன வழி என்றால் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'. மூன்றையும் ஒரே பேப்பரில் திணித்தால் மூன்று இடத்திலும் "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்றுதான் பதில் வரும்.

அதற்காக ஒரே டேட்டாவைத் துண்டு துண்டாக நறுக்கி ஏழு பேப்பர் போடுவதும் தப்பு. ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாக ஒரு கேள்வியும் அதற்குத் தனியாக ஒரு பதிலும் இருக்க வேண்டும்.

சரி, ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலை எடுங்கள். அதில் எந்த ஜர்னல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் யாரைப் படித்து இந்த வேலையைச் செய்தீர்களோ அவர்கள் எழுதும் இடம்தான் உங்களுக்கும் இடம். அதில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு வருடத் தலைப்புகளை வரிசையாகப் படியுங்கள், அப்புறம் உங்கள் வேலைக்கு நெருக்கமான மூன்று பேப்பர்களையாவது முழுதாகப் படியுங்கள். முன்னுரை எவ்வளவு நீளம், மெத்தட்ஸ் எவ்வளவு விரிவு, படங்கள் எத்தனை, எந்த மாதிரி முடிவுக்கு இவர்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்கள் அப்ஸ்ட்ராக்டைப் (பேப்பரின் சுருக்கத்தை) போட்டால் பொருத்தமான ஜர்னல் சொல்லும் கருவி வைத்திருக்கின்றன. உதவும்தான், ஆனால் ஒவ்வொன்றும் தன் கடைச் சரக்கைத்தான் காட்டும்.

கடைசியில் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுதி வையுங்கள். முதலாவதில் ரிஜெக்ட் ஆனால் இரண்டாவது, அதிலும் ஆனால் மூன்றாவது. ஒரே நேரத்தில் மூன்றுக்கும் அனுப்பக் கூடாது, இது எல்லா ஜர்னலிலும் விதிமீறல். தெரிந்தால் மூன்றிலிருந்தும் தூக்கிவிடுவார்கள், உங்கள் கல்லூரிக்கும் கடிதம் எழுதுவார்கள்.

இன்னொன்று. யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி-கேரில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. எதை ஏற்பது என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவிடம் இப்போது எந்த ஜர்னல்கள் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீனியர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து அனுப்பிவிட்டு, தீசிஸ் கொடுக்கும் நேரத்தில் "இது செல்லாது" என்று கேட்பது கொடுமை.

போலிகள்

2013ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 'சயன்ஸ்' இதழுக்காக ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே மோசமான பிழைகளை வைத்து, இல்லாத ஆய்வாளர் பெயரில் ஒரு மருந்துப் பேப்பரைத் தயாரித்து 304 ஓப்பன் அக்சஸ் ஜர்னல்களுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும் ஜர்னல்களுக்கு, அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற ஜர்னல் பதிப்பு நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி 2019ல் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் ஸ்காலர்களின் இன்பாக்ஸ்தான் இவர்களுடைய சந்தை.

எப்படிக் கண்டுபிடிப்பது? அவர்களாக உங்களைத் தேடி வந்து, "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் அற்புதமான ஆய்வைப் பார்த்தோம்" என்று மெயில் போட்டால் சந்தேகப்படுங்கள். ரிவியூ என்பது அதே துறை ஆய்வாளர்கள் பேப்பரைப் படித்து மதிப்பிடுவது. அது மூன்று நாளில் முடிந்துவிடும் என்றால் ரிவியூவே இல்லை என்று அர்த்தம். எந்த ஒழுங்கான ஜர்னலும் ஏற்பதற்கு முன்பே "அக்செப்டன்ஸ் உறுதி" என்று சொல்லாது. ஒரே இதழில் வேதியியல், தமிழ் இலக்கியம், மேலாண்மை, நர்சிங் எல்லாம் கலந்து கிடந்தால் அதைப் படிக்க ஆளே இல்லை. ஜிபே நம்பர் கொடுத்துப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்" என்று எதையாவது போட்டிருப்பார்கள். ஒரு ஜர்னலின் பேப்பர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். உண்மையானது என்பது கிளாரிவேட் நிறுவனம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வருவது மட்டும்தான். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது, டிஓஐ இருக்கிறது, கூகுள் ஸ்காலரில் வருகிறது என்று காட்டுவார்கள். இவை மூன்றுமே தரத்துக்குச் சான்று கிடையாது. ஐஎஸ்எஸ்என் ஜர்னலுக்கான அடையாள எண், டிஓஐ பேப்பருக்கான அடையாள எண். ஐஎஸ்எஸ்என் கேட்டால் யாருக்கும் கிடைக்கும்.

இதைவிட ஆபத்தானது குளோன் ஜர்னல். உண்மையிலேயே ஸ்கோபஸில் இருக்கும் ஒரு பழைய ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடி, அதே மாதிரி ஒரு வெப்சைட் போட்டுப் பணம் வாங்குவார்கள். ஸ்கோபஸில் தேடினால் பெயர் இருக்கும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதனால் கூகுளில் தேடி வெப்சைட்டுக்குப் போகாமல், ஸ்கோபஸின் சோர்ஸ் பட்டியலில் அந்த ஜர்னலைத் திறந்து, பதிப்பகம் யார் என்று பார்த்து, அந்தப் பதிப்பகத்தின் சொந்தத் தளம் வழியாகப் போங்கள். எந்த வருடம் வரை ஸ்கோபஸில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்ட ஜர்னலை "ஸ்கோபஸ் இன்டெக்ஸ்ட்" என்று இன்னும் விற்றுக்கொண்டிருப்பார்கள். ஓப்பன் அக்சஸ் என்றால், அந்த வகை ஜர்னல்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் தேடுங்கள். 'திங்க் செக் சப்மிட்' என்ற தளத்தில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எடிட்டோரியல் போர்டில் இருக்கும் ஒரு பேராசிரியரின் பெயரை எடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த ஜர்னலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வழி, அதிக நேரமும் ஆகாது.

பெரிய பதிப்பகம் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. வைலி பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவி ஜர்னல்களில் 2023ல் மட்டும் 8000க்கும் மேற்பட்ட பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன, பெரும்பாலும் ஸ்பெஷல் இஷ்யூக்களில் (ஒரே தலைப்பில் வெளி ஆள் ஒருவர் கெஸ்ட் எடிட்டராக இருந்து தொகுக்கும் சிறப்பிதழ்களில்) வந்தவை. ஸ்பெஷல் இஷ்யூ எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. கெஸ்ட் எடிட்டர் யார், அந்தத் துறையில் உண்மையில் வேலை செய்தவரா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு அப்புறம்தான் போலி என்று தெரிந்ததா? பணம் கட்டாதீர்கள், காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், "என் பேப்பரைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதமில்லை" என்று உடனே மெயில் அனுப்பி அதைப் பத்திரமாக வையுங்கள். வாபஸ் வாங்கப் பணம் கேட்டு மிரட்டுவார்கள். கொடுக்க வேண்டாம், கைடிடமும் நூலகரிடமும் சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நிறைய ஸ்காலர்களுக்கு நல்ல ஜர்னலில் வர லட்சக்கணக்கில் வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. பெரிய பதிப்பகங்களின் ஜர்னல்களில் பெரும்பாலானவை ஹைப்ரிட், அதாவது பேப்பர் ஏற்கப்பட்ட பிறகு ஓப்பன் அக்சஸா, சந்தா வழியா (படிப்பவர்கள் சந்தா கட்டிப் படிப்பது) என்று உங்களைக் கேட்கும். சந்தா வழி என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கட்டணம் எதுவும் இல்லை, பேப்பரின் தரத்திலும் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஓப்பன் அக்சஸ் பட்டன் பெரிதாகவும் மற்றது ஓரமாகவும் இருக்கலாம், நிதானமாகப் படித்து அழுத்துங்கள். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியின் 'பிரமாணா', 'சாதனா' போன்றவற்றிலும் காசு கொடுக்காமல் வெளியிடலாம். முழு ஓப்பன் அக்சஸ் ஜர்னல்களில் கட்டண விலக்கு என்று ஒன்று உண்டு, ஆனால் பல பதிப்பகங்களின் விலக்குப் பட்டியலில் இந்தியா இல்லை, அதனால் அதை நம்பி அனுப்பிவிட்டு அப்புறம் தவிக்காதீர்கள். கட்டணம் இருக்கிறதா என்று அனுப்பும் முன்பே பாருங்கள்.

எழுத்து

எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் ரிஜெக்ட் ஆகிறது என்று பலரும் சொல்கிறார்கள். ரிவியூ செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மொழிப் பிழையால் மட்டும் விழுந்த பேப்பர்கள் குறைவு. என்ன கேள்வி, என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்பது தெளிவாக இருந்தால் இலக்கணப் பிழைகளைத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். தெளிவு இல்லையென்றால் எவ்வளவு அலங்கார இங்கிலீஷும் காப்பாற்றாது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஒருவரிடம் விளக்கிச் சொல்ல முடியவில்லை என்றால் அது இங்கிலீஷிலும் உங்களுக்குப் புரியவில்லை.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் தயார் செய்து, எதிலிருந்து எந்த முடிவு வருகிறது என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் மெத்தட்ஸ், ஏனென்றால் அது நீங்கள் செய்தது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்புறம் ரிசல்ட்ஸ், டிஸ்கஷன். முன்னுரை அதற்கப்புறம். அப்ஸ்ட்ராக்ட் கடைசியில், ஆனால் அதிக நேரம் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் "இதை ரிவியூ செய்ய முடியுமா?" என்று எடிட்டர் ஒருவரைக் கேட்கும்போது அந்த ஆள் பார்ப்பது தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும்தான். "சீமைக்கருவேலம் பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. என்ன கண்டுபிடித்தீர்களோ அதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள்.

முன்னுரையில் உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இது வரை என்ன தெரியும், என்ன தெரியாது, அந்தத் தெரியாததில் நான் எதை எடுத்துக்கொண்டேன் என்ற மூன்றும் போதும். "இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்பது மட்டும் காரணம் ஆகாது. இந்த மாவட்டத்தில் செய்வதால் மற்ற இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன புதிதாகத் தெரியவருகிறது என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் கண்மாய் என்பது மற்ற நாட்டு ஆய்வுகளில் அதிகம் வராத சூழல் என்றால், அதில் அந்த மரம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று உங்கள் டேட்டா காட்டினால் அதுதான் பேப்பர்.

காப்பி விஷயத்துக்கு வருவோம். யுஜிசியின் 2018 விதிப்படி ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றிச் சதவீதத்தைக் குறைப்பது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அப்படி மாற்றும்போது துறைச் சொற்கள் சிதைந்துவிடும். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது 'கவுன்டர்ஃபெய்ட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடுகிறது. இந்த மாதிரி சிதைந்த சொற்றொடர்களைத் தேடிப் பிடிப்பதையே பிரான்சின் கியோம் கபனாக் குழுவினர் 2021லிருந்து செய்துவருகிறார்கள், அதனால் பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டும் இருக்கின்றன. அடுத்தவர் சொன்னதைப் படித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வார்த்தையில் எழுதி, அவர் பெயரைப் போடுங்கள். சதவீதம் தானாகக் குறையும்.

சாட்ஜிபிடி மாதிரிக் கருவிகளை மொழி திருத்தப் பயன்படுத்தலாமா என்பதை ஒவ்வொரு ஜர்னலும் தன் விதியில் சொல்லியிருக்கும், படித்துவிட்டு, பயன்படுத்தியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரியர் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. அது கொடுக்கும் ரெஃபரன்ஸ்களை மட்டும் அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத பேப்பரை இருப்பதாகக் காட்டும், ரிவியூவர் தேடிப் பார்த்தால் அதோடு முடிந்தது. ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் சேர்த்து வைத்தால் ஜர்னல் மாறும்போது வடிவத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும்.

மனிதர்களிடம் பேட்டி எடுத்திருந்தால், ரத்தம் எடுத்திருந்தால், எதிக்ஸ் கமிட்டி அனுமதி எண் கேட்பார்கள். அதை வேலை முடிந்த பிறகு வாங்க முடியாது, ஆரம்பிக்கும் முன்பே வாங்க வேண்டும். பல கலை அறிவியல் கல்லூரிகளில் இதை யாரும் சொல்வதில்லை, நல்ல நேர்காணல் ஆய்வுகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் நின்றுபோகின்றன.

யார் பெயர், எந்த வரிசை

மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் அளவுகோல் மற்ற துறைகளுக்கும் பொருந்தும்: வேலையில் உண்மையான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், தப்பு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருப்பவர்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காகவோ, நண்பருக்கும் ஒரு பேப்பர் தேவைப்படுகிறது என்பதற்காகவோ பெயர் சேர்க்கக் கூடாது. மூன்றாவது ஆசிரியர் இடம் இவ்வளவு ரூபாய் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். கைடிடம் இதைப் பேசச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. எழுதி முடித்த பிறகு பேசினால்தான் சண்டை வரும். ஆரம்பத்திலேயே "சார், இந்தப் பேப்பரில் யார் யார் பெயர், எந்த வரிசையில் போடலாம்?" என்று கேட்டு, முடிவானதை ஒரு மெயிலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் ஜர்னல் தளம் லாஸ்ட் நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ராமசாமி மகள் முத்துலட்சுமி அப்பா பெயரை அங்கே போட்டால் உலகம் முழுக்க அந்தப் பேப்பர் "ராமசாமி" என்றுதான் மேற்கோள் காட்டப்படும். அடுத்த பேப்பரில் வெறும் ஆர் என்று போட்டால் இருவரும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆங்கில எழுத்துக்கூட்டு உட்பட, கடைசி வரை அதையே வையுங்கள். ஓர்சிட் தளத்தில் 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும், அதை வாங்கிவிட்டால் கல்லூரி மாறினாலும் பேப்பர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று இருக்கும்.

அனுப்பிய பிறகு

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும்: என்ன கண்டோம், ஏன் இந்த ஜர்னல் வாசகர்களுக்கு இது முக்கியம், வேறு எங்கும் அனுப்பவில்லை. ஆத்தர் கைடுலைன்ஸை ஒரு வரி விடாமல் படித்து அதன்படி வடிவமைத்து அனுப்புங்கள்.

ஒரு வாரத்தில் ரிஜெக்ட் வந்தால் அது எடிட்டரே பார்த்துத் திருப்பியது, டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். பெரும்பாலும் ஜர்னலுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் காரணம். அன்றைக்கு வருத்தப்பட்டுவிட்டு, மறுநாள் பட்டியலில் இரண்டாவது ஜர்னலுக்கு ஏற்றபடி மாற்ற ஆரம்பியுங்கள். ரிவியூவுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் ஆகும், சமூக அறிவியலிலும் மொழித் துறைகளிலும் அரை வருடம்கூட ஆகலாம். மூன்று நான்கு மாதம் சத்தமே இல்லையென்றால் நிலை என்ன என்று எடிட்டருக்குப் பணிவாக ஒரு மெயில் போடலாம், தப்பில்லை.

அப்புறம் ஒரு நாள் "மேஜர் ரிவிஷன்", அதாவது பெரிய அளவில் திருத்தி அனுப்புங்கள், என்று வரும். கூடவே நான்கு பக்கத்துக்குக் குறைகள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மனசு விட்டுப் பேப்பரையே மூடிவைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மேஜர் ரிவிஷன் என்றால் எடிட்டருக்கு உங்கள் பேப்பர் வேண்டும் என்று அர்த்தம், வேண்டாமென்றால் ரிஜெக்ட் என்றே எழுதியிருப்பார். முதல் முறையிலேயே அப்படியே ஏற்பது மிக அபூர்வம்.

முதல் நாள் படித்துவிட்டு மூடிவையுங்கள். கோபம் அடங்கிய பிறகு எல்லாக் கருத்துகளையும் ஒரு கோப்பில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதிலை எழுதுங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள், எழுத்துப்பிழை சொன்னதற்கும் "திருத்திவிட்டோம்" என்று போடுங்கள். பதிலில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன செய்தோம், எந்தப் பக்கம் எந்த வரி, மாற்றிய வாக்கியம் அப்படியே. நம் உதாரணத்தில் ரிவியூவர், "மரம் இல்லாத கண்மாய்களோடு ஒப்பிடாமல் எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "நல்ல கேள்வி, சேர்த்துவிட்டோம்" என்று எழுதினால் அவர் 30 பக்கத்தில் தேட வேண்டும். "மரம் இல்லாத இரண்டு கண்மாய்களில் எடுத்த அளவுகள் எங்களிடம் இருந்தன, முதல் வடிவில் சேர்க்கவில்லை. இப்போது அட்டவணை 2ல் சேர்த்திருக்கிறோம், பக்கம் 9, வரி 214லிருந்து 230 வரை" என்று எழுதினால் அவருக்கு வேலை ஐந்து நிமிடம். ரிவியூவருக்குச் சம்பளம் கிடையாது, இரவில் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கும் ஆள், அவர் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது உங்களுக்கே நல்லது.

ஒத்துக்கொள்ள முடியாத கருத்தும் வரும். "இன்னும் ஐந்து வருட டேட்டா வேண்டும்" என்பார், உங்களால் முடியாது. அப்போது முடியாது என்று சொல்லலாம், காரணத்தோடு. மூன்று வருடத்தில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று டிஸ்கஷனில் ஒரு பத்தி சேர்த்து, முடிவின் தொனியைக் கொஞ்சம் அடக்கி, அதைச் செய்திருப்பதாகப் பதிலில் காட்டுங்கள். ரிவியூவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் "நீங்கள் சரியாகப் படிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றால் இன்னும் நூறு பேர் அப்படியே புரிந்துகொள்வார்கள், அந்த இடத்தைத் தெளிவாக்கி எழுதுங்கள். இரண்டு ரிவியூவர்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சொன்னால் எடிட்டருக்கு எழுதி, நாங்கள் இந்த வழியில் போகிறோம், காரணம் இது என்று சொல்லுங்கள். ஒருவர் சம்பந்தமே இல்லாத தன் பேப்பர்கள் ஐந்தை மேற்கோள் காட்டச் சொன்னால், பொருந்துவதை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். கெடு போதவில்லை என்றால் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ரிவியூவுக்குப் பிறகு ரிஜெக்ட் ஆனாலும் அந்தக் கருத்துகள் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துத் திருத்தாமல் அப்படியே அடுத்த ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள். சின்னத் துறைகளில் அதே ரிவியூவரிடமே போய்ச் சேரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் 'தமிழியல்' போல நிறுவனம் நடத்தும் இதழ்களை முதலில் பாருங்கள், கட்டுரையை யார் மதிப்பிடுவார்கள், மதிப்பீட்டை எழுத்தில் தருவார்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அக்செப்ட் ஆன பிறகு

ப்ரூஃப் (வெளியாகும் முன் சரிபார்க்க அனுப்பும் பிரதி) வரும், இரண்டு மூன்று நாளில் திருப்பக் கேட்பார்கள். பெயர், கல்லூரி முகவரி, அட்டவணை எண்கள், படங்களின் வரிசை, நிதி கொடுத்த அமைப்பின் பெயர், எல்லாவற்றையும் அச்சில் எடுத்து இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். வெளியான பிறகு ஒரு எழுத்தை மாற்றவும் தனியாகத் திருத்த அறிவிப்பு போட வேண்டியிருக்கும்.

சந்தா வழியில் வந்த பேப்பரின் இறுதி பிடிஎஃப்பை உங்கள் இஷ்டத்துக்கு இணையத்தில் ஏற்ற முடியாது, காப்பிரைட் பதிப்பகத்துடையது. ஆனால் ரிவியூ முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு கோப்பை ஏற்றப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, சிலவற்றில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எந்த ஜர்னல் என்ன சொல்கிறது என்பது 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்தது) இருக்கிறது. 2025 ஜனவரியில் ஆரம்பித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன, ஆனால் உங்கள் துறையில் தனியார் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது எல்லா இடத்திலும் எட்டுவதில்லை. யாராவது மெயிலில் உங்கள் பேப்பரைக் கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.